துயர் துடைப்புச் சங்கத்துக்கு ஒரு ஜீப்

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். போளூர் மலைமக்கள் துயர் துடைப்புச் சங்கத்தார் மாட்டை விட்டுவிட்டார்கள். கொடுக்க வந்தவரின் வாயைத் திறந்து பல்லை எண்ணினார்கள்.

கொடுக்க வந்தவர் மாதையன். ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் சாமை விதைத்து, புளி உலுக்கி, யார் வம்புக்கும் போகாமல் ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் அந்த ஊரின் ஓராசிரியர் பள்ளியில் அந்த ஓர் ஆசிரியர். இந்த ஜீப் விவகாரத்தில் பதினோரு மனு எழுதினவன். ஆகவே ஆத்திரப்பட எனக்கு முழு உரிமை உண்டு.

மாதையனுக்கு ஜீப் எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவருடைய தாய்மாமன் கோபால்சாமி ஒரு மரக் கண்ட்ராக்டரிடம் இருபது வருஷம் டிரைவராக இருந்தார். கண்ட்ராக்டர் தொழிலை மூடிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனபோது, ஓட்டினவனுக்கே வண்டி என்று ஜீப்பை ஆர்.சி. புத்தகத்தோடு கொடுத்துவிட்டுப் போனார். கோபால்சாமிக்குப் பிள்ளை குட்டி இல்லை. எழுபத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம் அவர் கண்ணை மூடியதும் ஜீப் மருமகனிடம் வந்து சேர்ந்தது. மாதையன் அதுவரை ஓட்டியதெல்லாம் ஏர்தான்.

விற்றுவிடு என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். கோழி அடைக்கலாம் என்று மீதிப் பேர் சொன்னார்கள். மாதையன் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முந்தின வருஷம் அவர் மகள் அம்சவல்லிக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்து இரண்டாம் நாள் டோலி கட்டினார்கள். டோலி என்றால் வேறொன்றுமில்லை, ஒரு நீள மூங்கில், அதில் இரண்டு முனையும் முடிந்து தொங்கவிட்ட கம்பளி. பாதி வழியில் ஒரு பாறையோரம் பிள்ளை பிறந்தது. அடிவாரம் சேருமுன் போய்விட்டது.

இப்போது அம்சவல்லி மறுபடியும் உண்டாகியிருந்தாள். மாசியில் பிரசவம். மலைக்கு ஒரு மண்பாதை இருந்தது. பஸ் ஏறாது, ஜீப் ஏறும். அந்த ஜீப்பும் அதை ஓட்ட ஓர் ஆளும் மாசிக்குள் மலைமேல் வந்து நிற்க வேண்டும். மாதையனுக்கு வேண்டியது இவ்வளவுதான். டிரைவர் வைத்து, பெட்ரோல் ஊற்றி நடத்த அவரால் ஆகாது. அதற்குச் சங்கம்தான் சரி என்று நினைத்தார்.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. சங்கத்தார் வருஷா வருஷம் பொங்கல் கழிந்து மலைக்கு வந்து ஒரு கூட்டம் போடுவார்கள். தலைவர் ரத்தினசபாபதி, போளூரில் ரைஸ் மில் வைத்திருப்பவர், மைக்கைப் பிடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே வாசகத்தைச் சொல்வார்: "எங்களிடம் ஒரு வண்டி மட்டும் இருந்தால், இந்த மலையில் ஒரு தாயும் டோலியில் போக மாட்டாள்." ஆறு வருஷம் சொன்னார். மலையில் ஒரு பழக்கம் உண்டு. ஊர் கூடின இடத்தில் எழுந்து நின்று ஒருவன் சொன்னால் அது வாக்கு. சொன்னவன் செத்துப்போனாலும் அவன் மகன் அதை நிறைவேற்ற வேண்டும். மேடைப்பேச்சு என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதைக் கேட்டுக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த நானும் சொல்லித் தரவில்லை.

ஆவணியில் நாங்கள் இருவரும் போளூருக்கு இறங்கினோம். சங்க ஆபீஸ் வாசலில் பெரிய போர்டு, அதில் சங்கத்தின் சின்னமான கைக்குட்டை. உள்ளே செயலாளர் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். பத்திரப் பதிவில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆனால் ரிட்டையர் ஆனதை இன்னும் ஒப்புக்கொள்ளாதவர். தலையை நிமிர்த்தாமலே இன்னா வேணும் என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாங்க. குடுக்க வந்தேன்" என்றார் மாதையன்.

ஏகாம்பரத்தின் பேனா நின்றது. அந்த ஆபீசில் கேட்பதற்கு இருபத்திரண்டு வகை விண்ணப்பப் பாரம் இருந்தது. கொடுப்பதற்கு ஒன்றுகூட இல்லை. பீரோவைத் திறந்து தேடினார். மேஜைக்கடியில் தேடினார். பிறகு துயருற்றோர் பதிவேடு என்று ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்து, கள்ளனைப் பிடித்துவிட்ட முகத்தோடு எங்களைப் பார்த்தார். நாலு வருஷம் முன்னால் சங்கத்தில் ஒரு கம்பளி வாங்கியதில் மாதையன் நூற்றுப் பதினாலாம் எண் துயருற்றோராகப் பதிவாகியிருந்தார். ஒன்பதாவது விதிப்படி, துயர் துடைக்கப்படுபவர் துயர் துடைப்பவராக இருக்க முடியாது.

"நீ வாங்குற ஆளுய்யா" என்றார் ஏகாம்பரம். "வாங்குறவன் குடுக்க ஆரம்பிச்சா அப்புறம் நாங்க இன்னா பண்றது? எங்களுக்கு இன்னா வேலை இருக்குது இங்க?"

மாதையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தப்புதாங்க என்றார். நான் அவர் காலை மிதித்தேன். கம்பளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஆகுமா என்று மாதையன் கேட்டார். ஆகாதாம். கொடுத்தது கொடுத்ததுதான், சங்கம் கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற வழக்கமில்லை. ஒரே ஒரு வழி இருந்தது. மாதையனுக்குத் துயரம் எதுவும் இல்லை என்று சங்கமே நேரில் விசாரித்து ஒரு சான்று கொடுத்தால் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடலாம். அதன்பின் அவர் பணக்காரர்கள் மாதிரி தாராளமாகக் கொடுக்கலாம்.

ஐப்பசியில் ஏகாம்பரம் விசாரணைக்கு வந்தார். நடந்தா வருவார்? கொடுக்கக் கூடாத அந்த ஜீப்பில்தான் ஏறி வந்தார். ஓட்டி வந்தவர் அடிவாரத்து ஆரோக்கியநாதன். கோபால்சாமியின் பழைய கூட்டாளி, அதிகம் பேசாதவர், ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் தவிர மற்ற நேரமெல்லாம் ஏதாவது ஒரு வண்டிக்கடியில் படுத்திருப்பவர். பின்னால் சங்கம் அவரையே டிரைவராக வைத்துக்கொண்டது. அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது, தெரியாமல் செய்ததுதான்.

வாசலில் நாற்காலி போட்டு விசாரணை நடந்தது. வீட்டில் கண்ணீர் சிந்துவோர் எத்தனை பேர், மாதத்துக்கு எத்தனை முறை, கூரை ஒழுகுவதால் துயரமா அல்லது வெறும் ஈரமா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். அம்சவல்லி ஓரமாக உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கேள்வி, மூன்று வருஷத்துக்குள் வீட்டில் துக்கம் ஏதாவது உண்டா என்பது. உண்டென்றால் மூன்று வருஷம் முடிந்து வந்து விண்ணப்பிக்க வேண்டும்.

மாதையன் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"இல்லீங்க" என்றார்.

அம்சவல்லி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு அந்தப் பாரத்தைச் சுருட்டி ஏகாம்பரத்தின் வாயில் திணிக்கலாமா என்று வந்தது ஆத்திரம். வாத்தியார் வேலை பார்ப்பவன், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஏகாம்பரம் சங்கத்து முத்திரையை வாயால் ஊதி, "துயரம் ஏதுமில்லை, தானம் செய்யத் தகுதியுள்ளவர்" என்பதன்மேல் அழுத்திக் குத்தினார். போகும்போது ஒரு பாட்டில் மலைத்தேனும் மாதையனைத் துயரற்ற நிலையில் கண்ட மகிழ்ச்சியும் எடுத்துக்கொண்டு போனார்.

கார்த்திகையில் போளூரில் ஜீப் ஏற்பு விழா. பந்தல், நாதஸ்வரம், ஜீப்புக்கு ஆளுயர மாலை. மாதையனுக்கும் ஒரு மாலை இருந்தது, நாற்காலிதான் இல்லை. ஜீப்பின் இரண்டு கதவிலும் தலைவர் பெயர், பானட்டில் செயலாளர் பெயர், பக்கவாட்டில் செயற்குழு பதினாலு பேர். கொடுத்தவர் பெயருக்கு இடம் போதாமல் ஸ்பேர் டயருக்கு அடியில் எழுதியிருந்தார்கள். டயரைக் கழற்றினால் நன்றாகப் படிக்கலாம். தலைவர் பேச எழுந்தார்.

"அன்பார்ந்த பெருமக்களே! ஒரு மலைவாசி நமக்கு ஜீப் கொடுத்திருக்கிறார். இதனால் நமக்கு நேர்ந்த சங்கடம் கொஞ்சமல்ல. இருபது வருடமாக நாம் கொடுத்த கம்பளிகளையெல்லாம் ஒரே நாளில் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். இருந்தாலும் பெருந்தன்மையோடு அவரை மன்னித்து இதை ஏற்றுக்கொள்கிறோம். ஏழைகள் உள்ளவரை இந்தச் சங்கம் இருக்கும். இந்தச் சங்கம் உள்ளவரை ஏழைகளும் இருப்பார்கள். இது உறுதி!"

கைதட்டல் ஓயச் சற்று நேரமாயிற்று. மாதையனும் தட்டினார். ஊர் முன்னால் வாக்குக் கொடுத்தவர் வண்டியையும் கையில் வாங்கிவிட்டார், இனி என்ன கவலை என்று வழியெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டே மலையேறினார்.

ஜீப் வரவில்லை. மார்கழி பிறந்தது. ஜீப்பை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆராய ஓர் உபகுழு போட்டிருக்கிறார்கள் என்றார்கள். உபகுழு ஆராய்வதற்காக ஜீப்பிலேயே வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் போய் வந்தது. மலைப்பகுதியில் வண்டி வசதி இல்லாத கொடுமை பற்றி எங்கோ மூன்று நாள் மாநாடு நடந்தது, அதற்கும் போனது. தலைவர் வீட்டுக் காதுகுத்துக்கு வாழைத்தார் ஏற்றவும் போனதாக ஆரோக்கியநாதன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நான் மனுவுக்கு மேல் மனு எழுதினேன். கடைசியில் ஏகாம்பரமே கூப்பிட்டு விதியை விளக்கினார். ஜீப் வேண்டும் நோயாளி பதினைந்து நாள் முன்னதாக, போளூருக்கு நேரில் வந்து, கையெழுத்திட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

"பிரசவம்னா, வலி எப்ப எடுக்கும்னு தேதி போட்டு எழுதிக் குடுங்க" என்றார். "சொன்ன தேதியில வலி வரலைன்னா சங்கம் பொறுப்பில்ல."

இதை மாதையனிடம் சொன்னேன். பெரிய மனுஷர்கள், கைக்குப் புதுசாய் வந்த வண்டி, ஆசை தீர ஓட்டிவிட்டு அனுப்புவார்கள் என்று இரண்டு மாதமாக எனக்கே சமாதானம் சொன்னவர். இப்போது மட்டும், "ஊர் முன்னாடி நின்னு சொன்னாருங்களே வாத்தியாரே" என்றார்.

தை கடைசியில் உபகுழு அறிக்கை கொடுத்தது. மலையிலிருந்து வரும் நோயாளிகள் எப்படி வருகிறார்கள் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். நூற்றுக்கு நூறு பேர் டோலியில் வருகிறார்கள். ஜீப்பில் வந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆகவே மலைமக்கள் விரும்பும் வாகனம் டோலியே என்று ஐயமற நிரூபணமாகியது. பழக்கமில்லாத ஜீப்பை அவர்கள்மேல் திணிப்பது பாவம். இலவச டோலி வழங்கும் திட்டம் ஏகமனதாக நிறைவேறியது. போளூர் மரக்கடை ஒன்றில் தேக்கில் கடைந்து, வார்னிஷ் பூசி, ரெக்சின் தைத்து, இரண்டு பக்கமும் கைக்குட்டை வரைந்து நாலு டோலி தயாராயின. மாசி பத்தாம் தேதி மலையில் விழா.

மாசி பத்தாம் தேதி விடிகாலை அம்சவல்லிக்கு வலி எடுத்தது.

மருத்துவச்சி குப்பம்மா பார்த்துவிட்டு, குழந்தை திரும்பி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்றாள். விழாவுக்கு ஜீப் வரும், அதுவரை பொறுக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு அவள் பார்த்த பார்வையில் எல்லோரும் மூங்கிலைத் தேடி ஓடினோம். அம்சவல்லியின் புருஷன் வீரன் முன் தோளில், மாதையன் பின் தோளில், மாற்றுக்கு இன்னும் நாலு பேர். மாதையன் பெண்டாட்டி பெரியம்மாள் கூடவே ஓடி வந்தாள். நான் தண்ணீர்க் குடத்தோடு பின்னால் போனேன். அந்தப் பாறையோரம் வந்தபோது அம்சவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மாதையனின் கால் ஒரு நொடி தடுமாறியது. எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

அதைத் தாண்டி ஓர் அகலமான வளைவில், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, ஜீப் ஏறி வந்தது. மேலே நாலு டோலி, உள்ளே தலைவர், செயலாளர், ஸ்டூடியோ போட்டோகிராபர், ஸ்டியரிங்கில் ஆரோக்கியநாதன்.

நான் ஓடிப்போய்க் கையைக் கூப்பினேன். தலைவர் கம்பளி டோலியையும் அதில் முனகுகிற பெண்ணையும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. பொய் சொல்லவில்லை, மலர்ந்தது.

"ஏகாம்பரம், இதைவிட நல்ல சமயம் வாய்க்குமாய்யா? முதல் டோலிய இங்கயே குடுத்துடலாம். பொண்ணை அதுலேர்ந்து எடுத்து இதுல படுக்க வைக்கச் சொல்லு. போட்டோல பழைய டோலியும் தெரியணும், புதுசும் தெரியணும்."

மூவரும் சுறுசுறுப்பாக இறங்கினார்கள். புது டோலிகளை இறக்கி வரிசையாக வைத்தார்கள். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, தலைவரின் அங்கவஸ்திரம் எந்தத் தோளில் இருப்பது, கைக்குட்டைச் சின்னம் மறைகிறதா இல்லையா என்று போட்டோகிராபர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். ஆரோக்கியநாதன் ஒரு வார்த்தை பேசாமல் வளைவில் ஜீப்பைத் திருப்பி, மூக்கு அடிவாரத்தைப் பார்க்க நிறுத்தினார். பின்கதவைத் திறந்துவிட்டு மாதையனைப் பார்த்தார். அவ்வளவுதான். வீரனும் மற்றவர்களும் அம்சவல்லியைக் கம்பளியோடு தூக்கித் தலைவரின் மெத்தை சீட்டில் கிடத்தினார்கள். குப்பம்மாவும் பெரியம்மாளும் ஏறினார்கள், வீரன் படியில் தொற்றிக்கொண்டான். டோலி தூக்கலாமே தவிர, பிரசவ வலியில் இருக்கிற மகள் பக்கத்தில் அப்பன் உட்காருகிற வழக்கம் மலையில் இல்லை என்பதால் மாதையன் நின்றுவிட்டார்.

ரெடி என்றார் போட்டோகிராபர். தலைவர் காலி டோலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் போட்டோவை நான் பின்னால் பார்த்தேன். சிரிக்கும் தலைவருக்குப் பின்னால் ஜீப்பின் புழுதி நன்றாக விழுந்திருந்தது.

ஐந்து நிமிஷம் கழித்துத்தான் ஏகாம்பரத்துக்கு விஷயம் உறைத்தது. விண்ணப்பமில்லாமல், உபகுழு அனுமதியில்லாமல், தீர்மானமில்லாமல் ஜீப் போய்விட்டது என்று குதித்தார். தலைவருக்கு வேறு கவலை. அவருக்கு முழங்கால் வலி. மேலே நாலு மைல், கீழே மூன்று மைல், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாதையன்தான் தயங்கித் தயங்கி, புது டோலி இருக்கிறதே, ஐயாவைத் தூக்கிப் போகலாமே என்றார்.

தேக்கு டோலி பத்து அடி போயிற்று. பார்க்க அழகாயிருந்த தூக்குக்கட்டை ஒன்று கழன்று, தலைவர் மண்ணில் உட்கார்ந்தார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஏற அவர் மறுத்துவிட்டார். கடைசியில் எங்கள் பழைய மூங்கிலில், யாரோ தோளில் போட்டிருந்த கம்பளியை முடிந்து அதில் உட்கார்த்தினோம். முன்னால் இரண்டு பேர், பின்னால் மாதையனும் நானும். ஏகாம்பரம் பதிவேட்டைத் தலைக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

டோலி ஆடுவது பார்ப்பவனுக்குத் தெரியாது. இருப்பவனுக்குத்தான் தெரியும். இறக்கத்தில் உடம்பு முழுக்க முன்னால் சரியும், திருப்பத்தில் பள்ளத்தின் மேல் தொங்கும், ஒவ்வொரு கல்லுக்கும் இடுப்பு மூங்கிலில் இடிக்கும். முதல் மைலில் தலைவர் எங்களைத் திட்டினார். இரண்டாவது மைலில் முருகனைக் கூப்பிட்டார். பிறகு அழுகிற குரலில் கேட்டார்:

"ஏம்ப்பா, இதுலயா புள்ளத்தாச்சியத் தூக்கினு போறீங்க?"

"அதுக்குத்தாங்க ஜீப்பு குடுத்தேன்" என்றார் மாதையன்.

அடிவாரத்தில் காட்டு இலாகா கேட்டுக்குப் பக்கத்தில் ஜீப் எங்களுக்காகக் காத்திருந்தது. ஆரோக்கியநாதன் வெளியே நின்றிருந்தார். மாதையன் டோலியை வைத்ததும் வைக்காததுமாக ஓடினார். தலைவர் கம்பளியோடு ஒரு பக்கம் சாய்ந்தார். பாதி வழியிலேயே, ஜீப்பிலேயே பிரசவம் ஆகிவிட்டது, குப்பம்மா குழந்தையைத் திருப்பி எடுத்துவிட்டாள், இரண்டு பேரையும் போளூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்றார் ஆரோக்கியநாதன்.

"பொண்ணு. நல்லா அழுவுது" என்றார்.

மாதையன் நடுரோட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஏகாம்பரம் அந்தக் கண்ணீரை எந்தப் பத்தியில் எழுதுவது என்று யோசித்திருப்பார் போல. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, வெட்கப்படவில்லை.

தலைவர் நொண்டிக்கொண்டே ஜீப்பண்டை போனார். ஏறக் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். மெத்தை சீட்டைப் பார்த்தார்.

"இங்கயா?" என்று கேட்டார்.

ஆரோக்கியநாதன் ஆமாங்க என்றார். தலைவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவர் வீட்டில் தீட்டு விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. பிரசவம் ஆன வண்டியில் அவரால் ஏற முடியாது. இனி எப்போதுமே முடியாது. அவர் வீட்டு வாசலில் அது நிற்கவும் கூடாது. சங்கத்து ஷெட்டில் நிறுத்தலாமென்றால் செயற்குழு பதினாலு பேரும் அதே கண்டிப்பு. அவர் மாதையனைப் பார்த்துக் கையை உதறினார்.

"கொண்டுபோய் மலைமேலயே வச்சுக்கங்கய்யா. பெட்ரோலுக்கும் டிரைவருக்கும் சங்கம் பார்த்துக்கும். என் கண்ணுல மட்டும் படக்கூடாது."

தீர்மானம் போட வேண்டுமே என்றார் ஏகாம்பரம். அப்புறம் போட்டுக்கோய்யா என்று தலைவர் எரிந்து விழுந்தார். சங்க வரலாற்றில் ஒரு காரியம் நடந்துவிட்டுத் தீர்மானம் பின்னால் வந்தது அன்று ஒருநாள்தான்.

நாங்கள் ஏழு பேர் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறினோம். பேத்தியைப் பார்க்கப் போளூருக்கு. தலைவரும் செயலாளரும் போட்டோகிராபரும் போக வேண்டியதும் அதே போளூருக்குத்தான். பஸ் சாயங்காலம் நாலு மணிக்கு. ஆரோக்கியநாதன் வண்டியைக் கிளப்பினார். பத்தடி போனதும் மாதையன் நிறுத்தச் சொல்லி இறங்கினார். வெயிலில் நிற்கிறவரைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. மாதையனுக்குக் கிண்டல் பண்ணத் தெரியாது, அது எனக்கு நிச்சயம். தலைவருக்கு முன்னால் போய்த் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, மூங்கில் இருக்குது, நாங்களும் இருக்கோம். போளூர் வரைக்கும் தூக்கினு வரட்டுங்களா?"

தலைவர் நடக்கத் தொடங்கினார்.